ஒரு சோறு பதம்

எழுதிச் சம்பாதிக்க நினைக்கும் நம் தீவு இளைஞர்களுக்குச் சில யோசனைகள்

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். அரிசி வெந்துவிட்டதா என்று பார்க்க யாரும் பானையைக் கவிழ்ப்பதில்லை. ஒரு பருக்கையை எடுத்து விரல் நுனியில் நசுக்கிப் பார்த்தால் போதும். பானை முழுவதன் நிலையும் தெரிந்துவிடும்.

எழுத்துத் தொழிலிலும் இதே கதைதான். கட்டுரையோ, விளம்பர வாசகமோ, மொழிபெயர்ப்போ எழுதித் தரும்படி ஒருவரிடம் வேலை கொடுக்க நினைப்பவர் முதலில் கேட்பது, "நீங்கள் எழுதியதில் ஏதாவது மாதிரி இருந்தால் அனுப்புங்கள்" என்பதுதான். பட்டச் சான்றிதழை அவர் பிறகுதான் கேட்பார். பல வேளைகளில் கேட்கவே மாட்டார்.

இந்த ஒரு வரிக் கேள்விக்கு என்ன பதில் அனுப்புவது என்பதில்தான் புதிதாக வரும் பலர் தடுமாறுகிறார்கள். "என்னிடம் என்ன இருக்கிறது அனுப்ப?" என்று சிலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். சிலர் பள்ளிக் காலம் முதல் எழுதியதை எல்லாம் மூட்டை கட்டி அனுப்பிவிடுகிறார்கள். இன்னும் சிலர், கேட்டவர் சொன்ன தலைப்பில் எல்லாம் காசு வாங்காமல் எழுதிக் கொடுத்துவிட்டு, பதில் வரும் என்று வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். மூன்றுமே நஷ்டத்தில் முடியும் வழிகள். நான்காவது வழி ஒன்று உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

தீவுக்காரருக்கு இது ஏன் முக்கியம்?

எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளத்துக்கு அமராமல், வேலைக்கு வேலை தொகை பேசி எழுதிக் கொடுப்பதை ஃப்ரீலான்ஸ் என்கிறார்கள். சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர் இந்தத் தொழிலுக்கு வந்தால், ஒரு பத்திரிகை அலுவலகத்துக்கோ பதிப்பகத்துக்கோ நேரில் போய் நிற்கலாம். தெரிந்தவர் ஒருவரை அழைத்துக்கொண்டு போகலாம். புத்தகக் கண்காட்சியில் நாலு பேரைச் சந்திக்கலாம். நமக்கு அந்த வசதி இல்லை. சென்னைக்குக் கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள். விமானத்தில் போனால் இரண்டு மணி நேரம்தான் என்றாலும் டிக்கெட் விலை ஒரு சிறு கட்டுரைக்குக் கிடைக்கும் தொகையை விழுங்கிவிடும்.

ஆகவே நமக்குப் பதிலாகக் கடல் தாண்டிப் போய் அவர் மேஜை மீது உட்காரக்கூடியது நம் எழுத்து ஒன்றுதான். அவர் நம் முகத்தைப் பார்க்கப்போவதில்லை. நம் குடும்பத்தை அறியமாட்டார். நாம் அனுப்பும் ஒன்றிரண்டு பக்கங்களே நம்முடைய முகம், நம்முடைய சிபாரிசு, நம்முடைய நாணயம்.

முன்பு இதிலும் நமக்குத் தடை இருந்தது. செயற்கைக்கோளை மட்டுமே நம்பியிருந்த இணைய வசதியில் ஒரு கோப்பை அனுப்பிவிட்டுப் பெருமூச்சு விட்ட காலத்தை யாரும் மறந்திருக்க முடியாது. 2020 ஆகஸ்ட் 10ஆம் நாள், சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட கண்ணாடி இழைக் கம்பி செயல்பாட்டுக்கு வந்தது. தலைநகர் மட்டுமல்லாமல் ரங்கத், சுவராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் முதலிய இடங்களும் அதில் இணைந்தன. பாதை வந்துவிட்டது. அதில் என்ன அனுப்புவது என்பதே இனி நம் கேள்வி.

சீட்டுக்கவி தெரியுமா?

எழுத்தின் மாதிரியை அனுப்பி வேலை கேட்பது நம் மரபுக்குப் புதியது அல்ல. புரவலரைத் தேடிய நம் பழைய புலவர்கள், நேரில் போவதற்கு முன் ஓலையில் ஒரு பாட்டு எழுதி அனுப்புவது உண்டு. அதற்குச் சீட்டுக்கவி என்று பெயர். ஓலைத்தூக்கு என்றும் சொல்வர். எழுதுகிறவர் யார், அவருக்கு என்ன தேவை என்பதெல்லாம் அந்த ஒரே பாட்டில் இருக்கும். தம் திறமையை விவரித்துச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பாட்டே அதைக் காட்டிவிடும். விண்ணப்பமும் மாதிரியும் ஒரே ஓலையில்! கண் பார்வை இல்லாத அந்தகக்கவி வீரராகவ முதலியார் இவ்வகைக் கவிகளுக்குப் பெயர் பெற்றவர்.

பாரதியாரும் 1919இல் எட்டயபுரம் அரசருக்குச் சீட்டுக்கவி எழுதினார். கேட்ட உதவி வரவில்லை. இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. மாதிரி மிக உயர்ந்ததாக இருந்தாலும் மறுக்கப்படலாம். பதிலே வராமலும் போகலாம். அது எழுத்தின் குறை என்று நினைத்து மனம் ஒடிந்துவிடக் கூடாது. பதில் தராத அரண்மனையின் பெருமை மங்கிவிட்டது. பதில் பெறாத அந்தக் கவியை இன்றும் நாம் படிக்கிறோம்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் பணியாற்றியவர் ரா. கிருஷ்ணமூர்த்தி. 'ஏட்டிக்குப் போட்டி' என்ற நகைச்சுவைக் கட்டுரைதான் அவருக்கும் எஸ்.எஸ். வாசனின் 'ஆனந்த விகடனு'க்கும் தொடர்பை உண்டாக்கியது. பின்னர் 1930களில் அந்தப் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பையே ஏற்று, தமிழகமெங்கும் வீடுதோறும் 'கல்கி' என்று அறியப்பட்டார். தொடக்கமாக இருந்தது ஒரே ஒரு கட்டுரை.

கடல் தாண்டிப் போன மாதிரிக்கும் உதாரணம் உண்டு. ஆர்.கே. நாராயண் தம் முதல் நாவலான 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' கையெழுத்துப் பிரதியை இங்கிலாந்துப் பதிப்பகங்களுக்கு அனுப்பினார். திரும்பித் திரும்பி வந்தது. மனம் நொந்து, அதைக் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி அங்கிருந்த நண்பருக்கு எழுதினார். நண்பர் நதிக்குப் போகவில்லை. எழுத்தாளர் கிரகாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீன் அதைப் படித்தார், பரிந்துரைத்தார். 1935இல் நாவல் லண்டனில் வெளிவந்தது. மைசூரில் இருந்தவரைக் கிரீன் பார்த்ததில்லை; பக்கங்களைத்தான் பார்த்தார்.

எது நல்ல மாதிரி?

முதல் விதி: கேட்பவருக்குத் தேவையானதற்கு நெருக்கமானதை அனுப்புங்கள். சுற்றுலா நிறுவனத்துக்குக் கவிதை அனுப்புவதும், சிறுவர் பத்திரிகைக்கு வங்கிக் கடன் பற்றிய கட்டுரை அனுப்புவதும் வீண். இரண்டாவது விதி: இரண்டு அல்லது மூன்று போதும். ஐந்தாவது மாதிரியை யாரும் படிக்கமாட்டார்கள். ஆனால் ஐந்தில் எது மோசமோ அது மட்டும் கண்ணில் படும். மூன்றாவது விதி: ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு பக்கத்துக்குள் முடியட்டும். நீளமான கட்டுரை என்றால் தொடக்கப் பகுதியை அனுப்பி, முழுவதும் வேண்டுமானால் தருவதாகச் சொல்லுங்கள்.

நான்காவது விதிதான் முக்கியமானது. வேறு எவராலும் எழுத முடியாததை எழுதுங்கள்.

ஒரு சிறு சோதனை. சுற்றுலாப் பயணிகளுக்காக ஓர் இளைஞர் இப்படித் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "அழகு கொஞ்சும் அந்தமான்! நீலக் கடலும் வெள்ளை மணலும் உங்களை இரு கரம் நீட்டி வரவேற்கின்றன!" இதை எழுத அந்தமானில் பிறந்திருக்க வேண்டுமா? ஒரு வண்ணப்படத்தைப் பார்த்த எவரும் எழுதிவிடலாம்.

இன்னொருவர் இப்படித் தொடங்குகிறார்: "ஷகீத் தீவின் லட்சுமண்பூர் இரண்டாம் கடற்கரையில் உள்ள இயற்கைப் பாறை வளைவைப் பார்க்க விரும்புகிறவர், வண்டிக்குச் சொல்வதற்கு முன் கடல் வற்றும் நேரத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நீர் ஏறியிருக்கும்போது அங்கே நடந்து போகும் பாறைப் பாதை மூழ்கிவிடும். வழுக்காத செருப்பு அவசியம்." இதில் ஓர் அலங்காரச் சொல்லும் இல்லை. ஆனால் படிக்கிறவருக்கு, இவர் அந்த இடத்தில் கால் வைத்தவர் என்பது உடனே புரிந்துவிடும். வேலை இவருக்குத்தான் கிடைக்கும்.

நம்மிடம் இப்படிப்பட்ட அறிவு ஏராளமாக இருக்கிறது. பருவமழை நாளில் எந்தப் படகு ஓடும், எது நிற்கும் என்பது நமக்குத் தெரியும். சிப்பிகாட், வண்டூர் மண்ணில் எது விளையும் என்பது தெரியும். 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தை அடுத்து இலங்கையிலிருந்து திரும்பி, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களின் வாழ்வு தெரியும். 2004 டிசம்பர் 26இல் கடல் என்ன செய்தது என்பது தெரியும். இவற்றைச் சென்னையில் உட்கார்ந்து எழுத முடியாது. இக்காலத்தில் கணினியே ஒரு நொடியில் கட்டுரை எழுதித் தருகிறது. அது எழுதித் தருவது பெரும்பாலும் அந்த "அழகு கொஞ்சும் அந்தமான்" வகைதான். அத்தகைய மாதிரியை நம்முடையது என்று அனுப்பினால், முதல் வேலையிலேயே சாயம் வெளுத்துவிடும்.

பிழை ஒன்று இருந்தாலும்…

மாதிரியில் ஒரு தகவல் தவறினால், எழுதியவரின் எல்லாத் தகவலும் சந்தேகத்துக்கு உள்ளாகும். நம் தீவுகளைப் பற்றி எழுதும்போது அடிக்கடி வழுக்கும் இடங்கள் சில உண்டு.

பெயர்கள்: 2018 டிசம்பரில் ஹேவ்லாக் சுவராஜ் தீவாகவும், நீல் ஷகீத் தீவாகவும், ராஸ் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவாகவும் பெயர் மாறின. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. பயணிகள் இன்னும் பழைய பெயரில்தான் தேடுகிறார்கள் என்பதால், முதல் முறை இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டுப் பிறகு புதிய பெயரைத் தொடர்வது நல்லது.

எண்கள்: தீவுகளின் தொகை 572 என்றும் 836 என்றும் இரண்டு விதமாக அச்சில் காணலாம். சிறு திட்டுகளையும் பாறைகளையும் எப்படிக் கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்துத் தொகை மாறுகிறது. எதை எழுதினாலும் எதைக் கணக்கிட்டது என்று சொல்லிவிடுங்கள். செல்லுலார் சிறைக்கு ஏழு சிறகுகள் இருந்தன. இன்று நிற்பவை மூன்று. "ஏழு சிறகுகளையும் சுற்றிப் பார்க்கலாம்" என்று எழுதினால், இங்கே வந்து போன எவரும் சிரித்துவிடுவார்.

சட்டம்: இது எல்லாவற்றையும்விட முக்கியம். ஜாரவா முதலிய பழங்குடி மக்களைக் காட்சிப் பொருளாக்கிப் பயணிகளை அழைக்கும் வாசகத்தை மாதிரியாகக்கூட எழுதக் கூடாது. பழங்குடியினரைப் பாதுகாக்கும் 1956ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி, 2012இல் வந்த திருத்தத்தால் மேலும் கடுமையாக்கப்பட்டது. அப்படிப்பட்ட விளம்பரத்துக்குச் சிறைத் தண்டனையே உண்டு. வெளியூர் நிறுவனம் அறியாமல் கேட்டால், "இதை எழுதலாகாது, காரணம் இது" என்று நாமே எடுத்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்கிறவர் மீது அந்த நிறுவனத்துக்கு மதிப்புத்தான் கூடும்.

"அச்சில் ஒன்றுமே வரவில்லையே!"

மாதிரி என்றால் அச்சில் வந்ததாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. வந்திருந்தால் நல்லது, ஒரு பத்திரிகை ஆசிரியர் ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட எழுத்து என்ற மதிப்பு அதற்கு உண்டு. வராவிட்டாலும் குற்றமில்லை. நன்றாக எழுதித் திருத்திய கட்டுரை, வெளிவராதது என்ற குறிப்புடன் போனால் போதும்.

தொடங்குகிறவர்கள் இப்படிச் செய்யலாம். எந்தத் துறையில் வேலை வேண்டுமோ அதில் இரண்டு மாதிரிகளை, யாரும் கேட்பதற்கு முன்பே, அவசரமில்லாமல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதி ஒரு வாரம் கிடப்பில் போடுங்கள். பிறகு எடுத்து உரக்கப் படியுங்கள். நாக்கு இடறும் இடத்தில் வாக்கியமும் இடறுகிறது என்று பொருள். தமிழாசிரியர் ஒருவரிடமோ, தமிழ் நன்கு அறிந்த பெரியவரிடமோ காட்டி ஒற்றுப்பிழை பாருங்கள். பள்ளி ஆண்டு மலர், சங்க மலர், கோயில் திருவிழா மலர் போன்றவற்றில் எழுதியதையும் தாராளமாக அனுப்பலாம். எங்கே வந்தது என்பதைவிட எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதையே கேட்பவர் பார்ப்பார்.

ஒரு நிறுவனத்துக்காகப் பெயரில்லாமல் எழுதிக் கொடுத்ததை மாதிரியாகக் காட்டலாமா என்றும் கேட்பதுண்டு. அந்த நிறுவனத்தின் சம்மதம் இருந்தால் காட்டலாம். வெளியே சொல்ல மாட்டோம் என்று ஒப்புக்கொண்டு எழுதியதைக் காட்டக் கூடாது. இன்று ஒருவருடைய ரகசியத்தை நம்மிடம் காட்டுகிறவர், நாளை நம்முடையதையும் பிறரிடம் காட்டுவார் அல்லவா?

மொழிபெயர்ப்பாளருக்கு

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நம் தீவுகளில் வங்காளம், இந்திக்கு அடுத்தபடியாகத் தமிழ் மூன்றாவது இடத்தில் இருக்கிறது. நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தமிழ் தாய்மொழி. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம், பக்கத்து வீட்டில் வங்காளமோ தெலுங்கோ என்று வளரும் பிள்ளைகள் நம்மவர்கள். தமிழகத்தில் இருமொழி அறிந்தவரைத் தேடிப்பிடிக்கும் இந்நாளில், இது சாதாரணச் சொத்து அல்ல. ஆகவே மொழிபெயர்ப்பு நமக்கு இயல்பான தொழில்.

மொழிபெயர்ப்பு மாதிரி அனுப்பும்போது மூலத்தையும் பக்கத்திலேயே வைத்து அனுப்ப வேண்டும். மூலம் இல்லாமல் மொழிபெயர்ப்பை மட்டும் பார்த்து எப்படி மதிப்பிட முடியும்? இருநூறு, முந்நூறு சொற்கள் போதும். எளிய பகுதியைத் தேர்ந்தெடுக்காமல், கொஞ்சம் சிக்கலான வாக்கியங்கள் உள்ள பகுதியை எடுங்கள். திறமை அங்கேதான் தெரியும்.

மூலத்தின் உரிமையையும் கவனியுங்கள். இந்தியாவில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. வாழும் எழுத்தாளரின் கதையை அனுமதி இல்லாமல் மொழிபெயர்த்து மாதிரி என்று பலருக்கும் அனுப்புவது வம்பு. பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949இலேயே சென்னை மாகாண அரசு பெற்றது; பின்னர் அது பொதுவாக்கப்பட்டது. அத்தகைய பொதுவுடைமைப் படைப்புகளிலிருந்து எடுத்தால் கவலை இல்லை. மைசூரில் உள்ள தேசிய மொழிபெயர்ப்பு இயக்கம், நாட்டின் மொழிபெயர்ப்பாளர்களுக்கென ஒரு பதிவேட்டை வைத்திருக்கிறது. இத்தொழிலில் ஊன்றி நிற்க நினைப்பவர் அதைப் பற்றி விசாரித்து அறிவது பயன் தரும்.

இலவசமாக எவ்வளவு?

இனி மிகவும் நுட்பமான விஷயத்துக்கு வருவோம். "உங்கள் மாதிரியைப் பார்த்தோம். எங்கள் தலைப்பில் ஒன்று எழுதி அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்று சிலர் கேட்பார்கள். இது நியாயமா?

இரு பக்கமும் பார்க்க வேண்டும். வேலை கொடுப்பவருக்கும் ஒரு பயம் இருக்கிறது. முகம் தெரியாத ஒருவர், அனுப்பிய மாதிரி அவர் எழுதியதுதானா என்பதும் தெரியாது. ஆகவே ஒரு சிறு சோதனை கேட்பதில் தவறில்லை. ஆனால் சோதனை என்ற பெயரில் முழுக் கட்டுரையை வாங்கி, பத்துப் பேரிடம் பத்துத் தலைப்பு கொடுத்து, பத்தையும் காசில்லாமல் பயன்படுத்திக்கொள்வோரும் உலகில் இருக்கத்தான் செய்கிறார்கள். சோற்றுப் பதம் பார்க்கிறேன் என்று ஒரு தட்டு நிறைய வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனால் அது பதம் பார்ப்பதா?

எல்லைக் கோட்டை இப்படிப் போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே எழுதியதைக் காட்டுவது இலவசம். அவர் தலைப்பில் ஒரு பத்தி, நூறு சொல் அளவு எழுதிக் காட்டுவதும் இலவசமாக இருக்கட்டும். அவர் அப்படியே எடுத்து வெளியிடக்கூடிய முழுப் படைப்பு என்றால் அதற்குத் தொகை உண்டு. சோதனை என்பதால் வேண்டுமானால் வழக்கத்தைவிடக் குறைத்துக்கொள்ளலாம். நல்ல நிறுவனங்கள் இதற்கு ஒப்புக்கொள்ளும். "காசு கேட்டால் வேலை போய்விடுமே" என்று அஞ்ச வேண்டாம். முதல் பக்கத்துக்கே கொடுக்க மனமில்லாதவர் நூறாவது பக்கத்துக்கும் கொடுக்கப்போவதில்லை.

சட்டம் நம் பக்கம்

நாம் அனுப்பும் மாதிரி யாருக்குச் சொந்தம்? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. எழுதியவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு அமர்ந்து பணியின் பகுதியாக எழுதினால்தான் உரிமை முதலாளிக்குப் போகும். தனியாக இருந்து எழுதுகிறவர் தம் உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தர வேண்டுமானால், அது எழுத்தில் இருக்க வேண்டும். அவர் கையொப்பமும் வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. அந்த ஒப்பந்தத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். உரிமை பெற எங்கும் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

எனவே, வேலை தராமல் நம் மாதிரியை மட்டும் எடுத்து வெளியிட யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: சட்டம் காப்பது எழுதப்பட்ட வாசகத்தை, மனத்தில் உள்ள யோசனையை அல்ல. பத்துக் கட்டுரைகளுக்கான அருமையான யோசனைகளைப் பட்டியல் போட்டு அனுப்பிவிட்டு, அவர்கள் வேறு ஆளைக் கொண்டு எழுதிக்கொண்டால் நாம் ஒன்றும் செய்ய முடியாது. யோசனையில் ஒன்றிரண்டை மட்டும் சொல்லி, மீதியை வேலை உறுதியான பிறகு சொல்வதே விவேகம்.

சட்டம் இருக்கிறது என்பதற்காகச் சென்னைக்கும் டெல்லிக்கும் போய் வழக்காடிக்கொண்டிருக்க நம்மால் ஆகுமா? ஆகாது. அதனால்தான் முன்னெச்சரிக்கை வேண்டும். ஒவ்வொரு மாதிரியின் தலைப்பிலும் உங்கள் பெயர், எழுதிய தேதி, "மதிப்பீட்டுக்காக மட்டும்" என்ற குறிப்பு ஆகியவை இருக்கட்டும். யாருக்கு, எந்த நாளில், எதை அனுப்பினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அனுப்பிய மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

மாதிரியோடு போகும் கடிதம் சுருக்கமாக இருக்க வேண்டும். குடும்பக் கஷ்டத்தையும், தமிழ் மீதுள்ள பற்றையும் அதில் விவரிக்க வேண்டாம். இதோ ஒரு வடிவம்:

"மதிப்பிற்குரிய அம்மையீர், வணக்கம். தாங்கள் கேட்டபடி என் எழுத்தில் இரண்டு மாதிரிகளை இணைத்துள்ளேன். முதலாவது, ரங்கத் பகுதிக்குச் சாலை வழியாகப் போகிறவர்களுக்கான வழிகாட்டிக் கட்டுரை. எங்கள் சங்க மலரில் வெளிவந்தது. இரண்டாவது, ஓர் அரசு அறிவிப்பின் தமிழாக்கம், மூலத்துடன், வெளிவராதது. தங்கள் தலைப்பில் ஒரு பத்தி எழுதிக் காட்டவும் தயாராக இருக்கிறேன். முழுக் கட்டுரையாக வேண்டுமெனில் அதற்குரிய தொகையை முன்கூட்டிப் பேசிக்கொள்ளலாம். தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் எழுதுவேன். நன்றி."

இவ்வளவுதான். என்ன அனுப்பியிருக்கிறோம், எங்கே வந்தது, மேலே என்ன செய்யத் தயார், எது இலவசம், எதற்குக் காசு என்பதெல்லாம் இதில் வந்துவிட்டன. பணிவும் இருக்கிறது, கெஞ்சல் இல்லை. பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையேல் அடுத்தவருக்கு அனுப்பிவிடுங்கள்.

எழுத்துரு பற்றியும் ஒரு சொல். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடி விசைப்பலகைக்கும் எழுத்துருவுக்கும் ஒழுங்கு காண முயன்ற காலத்தில், ஆளுக்கொரு எழுத்துரு இருந்தது. இன்று யூனிகோடு பொதுவாகிவிட்டது. இருந்தும் பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை அப்படியே அனுப்பினால், பெறுபவர் கணினியில் கட்டமும் கிறுக்கலுமாகத்தான் தெரியும். யூனிகோடில் அடித்து, பி.டி.எஃப். ஆகவும் ஒரு பிரதி சேர்த்து அனுப்புங்கள். அனுப்பும் முன் வேறொருவர் கைப்பேசியில் திறந்து பாருங்கள். கோப்பின் பெயரில் உங்கள் பெயர் இருக்கட்டும். "புதியது ஒன்று" என்று பெயரிட்ட கோப்பு நூறு கோப்புகளுக்கு நடுவே தொலைந்துவிடும்.

முடிவாக

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் நம் பிள்ளைகள் பலர் மேல்படிப்புக்கும் வேலைக்கும் கப்பல் ஏறுகிறார்கள். போகட்டும், உலகம் பெரிது. ஆனால் வயதான பெற்றோரை விட்டுப் போக முடியாதவர்கள் இருக்கிறார்கள். கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் படித்த பெண்கள் இருக்கிறார்கள். இந்த மண்ணை விட மனமில்லாதவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் இருந்த இடத்திலிருந்தே நாலு காசு சம்பாதிக்க எழுத்து ஒரு வழி. அந்த வழியின் வாசற்படி, நாம் அனுப்பும் இரண்டு பக்கங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்கள், அலுவலகத்தில் வரைவு எழுதிப் பழகியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு தம்பியோ தங்கையோ மாதிரியைக் கொண்டுவந்தால், அரை மணி நேரம் ஒதுக்கிப் படித்துத் திருத்திக் கொடுங்கள். "நன்றாக இருக்கிறது" என்று முதுகில் தட்டி அனுப்புவதைவிட, "இந்த மூன்றாம் வரி புரியவில்லை" என்று சொல்வதே அவர்களுக்குச் செய்யும் உதவி.

எழுதத் தெரிந்த பிள்ளைகளே! யாரோ கேட்கும் வரை காத்திராதீர்கள். வருகிற ஞாயிறு ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு துறைமுகம், ஒரு தோட்டம், ஒரு தெரு, ஒரு தொழில் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். திருத்துங்கள், பெயரும் தேதியும் போட்டு வையுங்கள். சோறு வெந்திருந்தால், எந்தப் பருக்கையை யார் எடுத்து நசுக்கிப் பார்த்தாலும் கவலை இல்லை.